புல்லட் 350-க்கு பெண்ட் பைப்: குரோமா, எஸ்எஸ்ஸா?

கார்புரேட்டர் வைத்த பழைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு பெண்ட் பைப் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாய்) தேடி சென்னை ஜி.பி. ரோடு பக்கம் போனால் மூன்று ரகம் காட்டுவார்கள்: குரோம் பூசிய இரும்பு, வெறும் ‘எஸ்எஸ்’ (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), 304 என்று ஸ்டீலின் ரக நம்பர் சொல்லி விற்பது. விலையும் இதே வரிசையில்தான் ஏறும்.

குரோம் பைப் புதிதில் கண்ணைப் பறிக்கும். வெளியேதான் பூச்சு, புகையோடு வரும் ஈரம் உள்ளிருந்து அரிக்கும். பக்கத்துத் தெருவரை ஓட்டி, பைப் சூடேறுமுன் அணைக்கிற வண்டியில் இன்னும் சீக்கிரம். ஆனால் கோவை, சேலம் மாதிரி உப்புக்காற்று படாத ஊரில், கைக்காசு குறைவென்றால், இதுவே போதும்.

நடுவில் நிற்கும் ‘எஸ்எஸ்’தான் எனக்கு ஒப்பவில்லை. கடைக்காரர் காந்தத்தை வைத்து, “பாருங்க சார், ஒட்டல, அசல் எஸ்எஸ்” என்பார். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 202 ரக எஸ்எஸ்ஸிலும் காந்தம் ஒட்டாதே! அதேசமயம் கம்பெனி சைலன்சர்களில் வரும் 409 ரக எஸ்எஸ்ஸில் நன்றாகவே ஒட்டும். அதனால் காந்தத்தை நம்பாமல், பில்லில் 304 என்று எழுதிக் கேளுங்கள். தயங்கினால் அடுத்த கடை.

304-இல் சுமார் 18% குரோமியம், 8% நிக்கல். சென்னை, தூத்துக்குடிக்காரர்கள் கூடுதல் காசு கொடுத்தாவது இதையே வாங்கலாம். இன்ஜின் ஹெட் பக்கம் பொன்னிறமாகி நீலம் பூக்கும். அது குறையல்ல (சிலர் அதற்காகவே வாங்குகிறார்கள்). வாங்குமுன் ஹெட்டில் உட்காரும் காலருக்குள் விரல் விட்டுத் தடவுங்கள். வெல்டிங் உள்ளே புடைத்திருந்தால் வேண்டாம். காலர் கோணலாக இருந்தால் வெளிக்காற்று புகுந்து, ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் பட்பட்டென்று வெடிக்கும்.

‘பெரிய சைஸ் போட்டா பிக்கப் கூடும்’ என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். இந்த 346 சிசி இன்ஜின் தன் 28 என்எம் டார்க்கை 4,000 ஆர்பிஎம்மிலேயே தந்துவிடுகிறது. பைப் அகலமானால் புகையின் வேகம் குறைந்து, ஊருக்குள் ஓட்டும்போது இழுவைதான் அடிபடும். கேட்கான் (புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) இல்லாத பைப் பக்கம் போகவே வேண்டாம்: மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி என்றால் ஆக்சிஜன் சென்சருக்கான துளையும் இருக்க வேண்டும்.

எதை வாங்கினாலும், பழையதைக் கழற்றுமுன் அதை ஹெட்டோடு பிடித்திருக்கும் ஸ்டட் (மரை போட்ட கம்பி) நட்டுகளில் துரு இளக்கும் ஆயிலை அடித்து ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். ஸ்டட் ஹெட்டுக்குள் முறிந்தால், பைப்பில் மிச்சம் பிடித்த காசு லேத் பட்டறைக்குப் போய்விடும்.