சம்ப் கொள்ளளவு: டேப்பா, சவுக்குக் கம்பா?

போன கோடையில் எங்கள் வீட்டு சம்ப்புக்கு, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்கு, 12,000 லிட்டர் தண்ணீர் லாரி சொன்னேன். "பதினாறாயிரம் கொள்ளும் சார்" என்று வீடு கட்டும்போதே மேஸ்திரி சொல்லியிருந்தார். அடியில் ஓரடித் தண்ணீர் மிச்சம் இருந்தது, அவ்வளவுதான். லாரியில் பாதிக்குச் சற்று மேல் இறங்கியதுமே சம்ப் நிரம்பிவிட்டது. டிரைவர் வால்வை மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். முழு லோடுக்கும் காசு என்னுடையது. மிச்சத் தண்ணீர் எதிர்வீட்டு சம்ப்புக்குப் போனது.

அன்றைக்குத்தான் கணக்கில் உட்கார்ந்தேன். முதல் வழி எல்லோருக்கும் தெரிந்த டேப். நீளம், அகலம், ஆழம் பெருக்கினால் கனஅடி, அதை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர். மீட்டரில் அளந்தால் இன்னும் சுலபம், ஒரு கனமீட்டர் 1,000 லிட்டர். மேஸ்திரி கணக்கும் இதேதான்: 10 × 8 × 7 = 560 கனஅடி, கிட்டத்தட்ட 16,000 லிட்டர். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் அவர் சொன்னது வெளி அளவு. இரண்டு பக்கமும் 9 அங்குலச் சுவர், அதன்மேல் பூச்சு எல்லாம் கழித்தால் உள்ளே சுமார் 8 அடி 4½ அங்குலத்துக்கு 6 அடி 4½ அங்குலம்தான். கீழ்த்தளம், மேல் ஸ்லாப், தண்ணீர் வரும் குழாயின் மட்டம் இவையெல்லாம் போக நிற்கும் ஆழம் ஐந்தரை அடி. ஆக 8,300 லிட்டர். பாதிதான்!

சரி, உள்ளே இறங்கி அளந்துவிடலாமே என்றால், தயவுசெய்து வேண்டாம். மூடியே கிடக்கும் தொட்டிக்குள் மூச்சுக்காற்று குறைந்திருக்கும். இறங்கியவரும் அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து போன செய்திகளைப் படிக்காதவர் யார்?

என் ஓட்டு கம்புக்கு. நேரான ஒரு சவுக்குக் கம்பில் பெயின்டால் அங்குலக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாடியில் உள்ள 1,000 லிட்டர் டேங்கைக் காலி செய்து, வீட்டுக்குப் போகும் வால்வை மூடிவிடுங்கள். சம்ப்பில் கம்பை விட்டு ஈரம் எதுவரை என்று பாருங்கள். மோட்டார் போட்டு டேங்க் நிரம்பியதும் மறுபடி கம்பை விடுங்கள். எனக்கு ஏழரை அங்குலம் இறங்கியிருந்தது. 1,000ஐ ஏழரையால் வகுத்தால் அங்குலத்துக்கு 133 லிட்டர்.

சுவரைக் கழித்துப் போட்ட கணக்கோ 126 என்றது. ஒரு சாயங்காலம் முழுக்க இந்த ஏழு லிட்டர் மண்டையைக் குடைந்தது. அப்புறம் மாடியேறிப் பார்த்தால், டேங்கின் ஓவர்ஃப்ளோ குழாய் மூடிக்கு நன்றாகக் கீழே இருக்கிறது. பெயர்தான் ஆயிரம், தண்ணீர் அவ்வளவு நிற்காது. அதனால் 126ஐயே வைத்துக்கொண்டேன். குறைத்துப் போட்டால் லாரித் தண்ணீர் தெருவுக்குப் போகாது.

கம்பு ஜெயிப்பது இந்த 'அங்குலத்துக்கு இத்தனை லிட்டர்' என்ற ஓர் எண்ணால்தான். மொத்தக் கொள்ளளவு வீட்டை விற்கும்போது சொல்லிக்கொள்ள உதவும். லாரிக்காரருக்குத் தேவை இன்றைக்கு எவ்வளவு காலி என்பது. சம்ப்புக்குள் தூண் இருந்தாலும், நடுவில் தடுப்புச் சுவர் இருந்தாலும் கம்பு அதையும் சேர்த்தே சொல்லிவிடும், டேப் சொல்லாது. ஃபுட் வால்வு, அதாவது மோட்டார் குழாய் தண்ணீரை உறிஞ்சும் கீழ்முனை, அடியிலிருந்து அரை அடி உயரத்தில் இருப்பதால் எங்களுக்கு 750 லிட்டர் எப்போதும் கைக்கு வராது என்பதும் இப்படித்தான் தெரிந்தது.

வட்டமான சிமென்ட் உறைகள் இறக்கிய தொட்டி என்றால் டேப்பே போதும் என்று நினைக்கிறேன்: விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 0.785 ஆல் பெருக்கினால் பரப்பு. 4 அடி உறையில் அங்குலத்துக்கு சுமார் 30 லிட்டர் வரும். நான் அப்படி ஒன்றை அளந்து பார்த்ததில்லை. படுக்கை வசத்தில் கிடக்கும் உருளை டேங்குக்கு மட்டும் என் கம்புக் கணக்கு செல்லாது. அங்கே ஒவ்வோர் அங்குலமும் ஒவ்வோர் அளவு.

ஒரு வாளி நிரம்ப எவ்வளவு நேரம், சம்ப் நிரம்ப எவ்வளவு நேரம் என்று பார்த்துக் கணக்குப் போடும் வழியும் உண்டு. குழாயில் தண்ணீர் ஒரே வேகத்தில் வரும் ஊரில் அது சரிப்படலாம்.

நேற்று கம்பில் 14 அங்குலம் ஈரம். ஐந்தரை அடி என்பது 66 அங்குலம். 66இல் 14 போக 52, அதை 126ஆல் பெருக்கினால் 6,552 லிட்டர் காலி. 6,000 லிட்டர் லாரி சொல்லியாயிற்று.