ஈனோக் பவலா, டோனி பென்னா?

சர்ச்சைக்குரிய பிரிட்டிஷ் அரசியல்வாதி ஒருவரைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் சொன்னார்கள். கடைசியில் இரண்டு பெயர்கள் மிஞ்சின. நான் டோனி பென்னை எடுத்துக்கொண்டேன்.

பவல் கன்சர்வேட்டிவ் கட்சி, பென் தொழிற்கட்சி. இருவரும் 1950-ல் மக்களவைக்குள் வந்தவர்கள், பேச்சில் சூரர்கள், சொந்தக் கட்சிக்கே தலைவலி. குடியேற்றத்தை எதிர்த்து 1968 ஏப்ரல் 20 அன்று பர்மிங்காமில் பவல் பேசியது ஊரறிந்த கதை. மறுநாளே கட்சித் தலைவர் ஹீத் அவரை நிழல் அமைச்சரவையிலிருந்து (எதிர்க்கட்சியின் மாற்று அமைச்சர் குழு) தூக்கினார். ஆனால் 1959-ல் அன்றைய பிரிட்டிஷ் காலனியான கென்யாவின் ஹோலா தடுப்பு முகாமில் 11 கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டபோது, சொந்தக் கட்சி அரசையே சபையில் உலுக்கியவரும் இதே பவல்தான். அதை மறைப்பது நியாயமில்லை.

சரி, பென் ஏன்? கைதட்டல் அடங்கிய பிறகு சட்டத்தில் என்ன மிஞ்சியது என்றுதான் பார்த்தேன். 1960 நவம்பரில் அப்பா இறந்ததும் பிரபுப் பட்டம் தானாக பென் தலையில் விழுந்தது. பிரபுவானால் மக்களவையில் உட்கார முடியாது. வேண்டாம் என்று உதறவும் அன்றைக்கு வழி இல்லை. 1961 மே இடைத்தேர்தலில் பிரிஸ்டல் தென்கிழக்கில் மறுபடி நின்று, 13,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் ஜெயித்தார். சபைக்குப் போனால் வாசலிலேயே காவலர் மறித்துவிட்டார். தேர்தல் நீதிமன்றமோ, தோற்றுப்போன மால்கம் செயின்ட் கிளேருக்கு இடத்தைக் கொடுத்தது. கூத்து என்னவென்றால், அவரும் ஒரு பிரபுப் பட்டத்தின் வாரிசு!

பென் விடவில்லை. 1963 ஜூலை 31-ல் பட்டத்தைத் துறக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. அன்று மாலையே முதல் ஆளாகத் துறந்தார். ஆகஸ்டில் மறுபடி மக்களவை. அந்த அக்டோபரில் பிரதமரான கன்சர்வேட்டிவ் ஹோம் பிரபு, பட்டத்தை விட்டு மக்களவைக்கு வந்ததும் இதே சட்டத்தால்தான். பென் திறந்த கதவில் எதிர்க்கட்சிக்காரர் நுழைந்தார்.

பவலும் வெறுங்கையர் இல்லை. சுகாதார அமைச்சராக 1962-ல் பெரிய மருத்துவமனைத் திட்டம் போட்டார். எழுபதுகளில் பென் நடத்திய தொழில் கொள்கை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பொருளாதாரம் போதாது. உரையிலும் அந்தப் பகுதியை இரண்டே வரியில் தாண்டிவிட்டேன்.

1970 தேர்தலில் பவல் தூக்கிய இனவாதக் கொடி நாஜி முகாம்களில் பறந்ததைப் போலத் தெரிகிறது என்று தாக்கியவர் பென். ஆனால் ஐரோப்பியச் சமூகத்தில் பிரிட்டன் தொடர வேண்டுமா என்ற 1975 வாக்கெடுப்பில் இருவரும் ஒரே பக்கம், வேண்டாம் என்ற பக்கம், நின்றார்கள். 1998-ல் பவலின் இறுதிச் சடங்குக்கும் பென் போனார்.