அலாஸ்கா கப்பல்: சியாட்டிலா, வான்கூவரா?

அலாஸ்கா கப்பல் விளம்பரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சாகத் தெரியும். ஏழு இரவுகள், கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே என்ற துறைமுகங்கள், நடுவில் எங்கோ ஒரு பனியாறு. எங்கள் வீட்டில் போட்டி கடைசியில் இரண்டுக்குள் வந்து நின்றது. ஒன்று, சியாட்டிலில் ஏறிச் சியாட்டிலிலேயே இறங்கும் ராயல் கரீபியனின் குவாண்டம் வகைப் பெரிய கப்பல். மற்றொன்று, கனடாவின் வான்கூவரில் ஏறி அலாஸ்காவின் விட்டியர் துறைமுகத்தில் இறங்கிவிடும் ஹாலண்ட் அமெரிக்காவின் நடுத்தரக் கப்பல். நாங்கள் எடுத்தது இரண்டாவதை. மறுபடி போவதானாலும் அதையே எடுப்பேன் என்பதால், இதை நடுநிலைத் தீர்ப்பாக யாரும் படிக்க வேண்டாம். குவாண்டம் வகைக் கப்பலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மைத்துனர் குடும்பம் போய்வந்து சொன்னதும், பயண அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும்தான்.

சாப்பாடு, பொழுதுபோக்கு, அறை வசதி ஆகியவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் சைவ இந்திய உணவு இரண்டிலும் கிடைக்கும். இரண்டிலும் ரசத்துக்கு ஏங்கத்தான் வேண்டும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் இருந்தால் ராயல் கரீபியன் பக்கம் தராசு சாயும். கண்ணாடிக் கூண்டில் கடலுக்கு மேலே தூக்கிக் காட்டும் இயந்திரக் கை, மோதி விளையாடும் கார்கள், ஆளைக் காற்றில் மிதக்கவைக்கும் குழாய் என்று 4,000க்கும் மேற்பட்டோரை அலுப்பில்லாமல் வைத்திருக்கும் ஏற்பாடுகள் அங்கே உண்டு. எங்கள் கப்பலில் 2,100 பேர் அளவுக்குத்தான் இடம். அவர்களிலும் பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள். இரவு பத்து மணிக்கு நடைவழிகள் அடங்கிவிடும். எனக்கு அது பிடித்தது. என் மகளுக்குப் பிடிக்கவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது பனியாற்று நாள். இவ்வளவு தூரம் போவதே அதற்காகத்தான் என்னும்போது, விலையையும் கேபினையும் பார்ப்பதற்கு முன்பு அட்டவணையில் அந்த நாள் எங்கே இருக்கிறது, எத்தனை மணி நேரம் என்று பார்க்க வேண்டும்.

கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணிகள் கப்பல்களுக்கு மேல் அனுமதி இல்லை. அந்த அனுமதிகளில் பெரும்பகுதி ஹாலண்ட் அமெரிக்கா, பிரின்சஸ், நார்வீஜியன் ஆகிய மூன்று நிறுவனங்களிடம் இருக்கிறது. ராயல் கரீபியன், செலிபிரிட்டி, டிஸ்னி கப்பல்கள் பெரும்பாலும் ஹப்பர்டு பனியாற்றுக்கோ, ஜூனோவுக்குத் தெற்கே இருக்கும் எண்டிகாட் ஆர்ம், ட்ரேசி ஆர்ம் என்ற குறுகிய கடற்கால்களுக்கோ போகின்றன. விளம்பரப் படங்களில் எல்லாப் பனியும் ஒரே நீலம்தான். பனிக்கு முன்னால் கிடைக்கும் நேரத்தில்தான் வித்தியாசம் பெரிது.

எண்டிகாட் ஆர்ம் அழகில் குறைந்ததல்ல. சுமார் 50 கிலோமீட்டர் நீளம், இருபுறமும் செங்குத்துப் பாறை, கோடியில் டாஸ் பனியாறு. ஆனால் பல அட்டவணைகளில் காலையில் எண்டிகாட், மதியம் ஜூனோ என்று ஒரே நாளில் இரண்டையும் திணித்திருப்பார்கள். மதியம் துறைமுகத்தில் நிற்க வேண்டிய கப்பல் பனிக்கு முன்னால் சாவகாசமாக நிற்க முடியாது. மிதக்கும் பனிக்கட்டிகள் வழியை அடைத்தால் கேப்டன் பாதியிலேயே திருப்பிவிடுவார். மைத்துனர் போன நாளில் அதுதான் நடந்தது: பனியாற்றின் முகத்தைத் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கேப்டனைக் குறை சொல்ல முடியாது, அட்டவணையே அப்படி. பக்கத்து ட்ரேசி ஆர்மில் 2025 ஆகஸ்ட் 10 அன்று பனியாற்றை ஒட்டிய மலைச்சரிவு பேரலையை எழுப்பியது. அந்தப் பகுதிக்குப் பதிவு செய்கிறவர்கள், இப்போதைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு பணம் கட்டுவது நல்லது.

கிளேசியர் பே நாளில் வேறு துறைமுகமே இல்லை. காலையில் பூங்காவின் ரேஞ்சர்கள் சிறு படகில் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் ஏணி வழியாக ஏறுகிறார்கள். அன்றைய பகல் அவர்கள் கையில். 1794இல் ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் கப்பல்கள் இந்தப் பக்கம் வந்தபோது இந்த விரிகுடா கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வாயிலிலேயே பனிச்சுவர் நின்றது. 1879இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்தபோது பனி 50 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருந்தது. 1916இல் அது ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே போய்விட்டது. ரேஞ்சர் இதை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கப்பல் அந்த 100 கிலோமீட்டரைக் கடக்கிறது. வாயில் பக்கம் அடர்ந்த காடு, போகப் போகப் புதர், பிறகு வெறும் பாறை. காடு எந்த வரிசையில் திரும்பி வருகிறது என்பதைப் பின்னிருந்து முன்னாகப் பார்த்துக்கொண்டே போகலாம். பனி முன்னேறி வந்த காலத்தில் இங்கிருந்த ஊர்களை விட்டு வெளியேறிய ஹூனா டிளிங்கிட் பழங்குடி மக்களின் கதையும் அந்த ஒலிபெருக்கியில்தான் எங்களுக்குக் கிடைத்தது.

கோடியில் மார்ஜரி பனியாற்றுக்கு முன்னால் கப்பல் நெடுநேரம் நிற்கிறது, நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்புகிறது. இரண்டு பக்கத்தாருக்கும் காட்சி கிடைக்கிறது. நீர்மட்டத்துக்கு மேலே சுமார் 75 மீட்டர் உயரம். துண்டு உடைந்து விழுவதைக் கண் முதலில் பார்க்கிறது, இடி பிறகு வந்து சேர்கிறது.

கப்பல் திரும்புகிறது என்பதால் பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பால்கனியில் ஒரு பக்கம்தான் தெரியும். திறந்த தளத்தில் முழுவதும் தெரியும். அந்தப் பணத்தை நல்ல பாதைக்குச் செலவிட்டு, ஜன்னல் இல்லாத உள்ளறை எடுப்பது என் கணக்கு. ஹாலண்ட் அமெரிக்கா கப்பல்களில் கப்பலைச் சுற்றி நடக்கும் அகலமான தளம் உண்டு, பனியாற்று நாளில் மூக்குப் பகுதியையும் திறந்துவிடுகிறார்கள். குளிரில் நிற்பவர்களுக்குச் சூடான பட்டாணி சூப் கொண்டுவருவது அவர்களின் டச்சு வழக்கம். அதுவும் கொஞ்சம் என் மனத்தைக் கெடுத்திருக்கலாம். பிரின்சஸின் ராயல் வகைப் பெரிய கப்பல்களும் கிளேசியர் பேக்குப் போகின்றன, விலையும் சில வாரங்களில் குறைவு. ஆனால் அவற்றில் முழுச்சுற்று நடைதளம் இல்லை. முழங்கால் வலியோடு அறையிலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டிய பெரியவர்களுக்கு என் உள்ளறைக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குப் பால்கனிதான்.

இரண்டாவது வித்தியாசம் கடல். வான்கூவரில் புறப்படும் கப்பல் வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான ஒடுங்கிய நீர்வழியில் போகிறது. அலை இல்லை, இரு கரையிலும் காடு. அந்த வழியில் சீமோர் நெரோஸ் என்ற இடத்தில் பல கப்பல்களைக் காவு வாங்கிய ரிப்பிள் ராக் என்ற நீர்மூழ்கிப் பாறையை 1958இல் குடைந்து வெடித்துத் தகர்த்தார்கள். சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் தீவின் மேற்குப் பக்கமாகத் திறந்த பசிபிக்கில் ஏறுகின்றன. போகும்போதும் வரும்போதும் ஆட்டம் இருக்கக்கூடும். எங்கள் பாதையிலும் கடைசியில் அலாஸ்கா வளைகுடாவைத் தாண்ட வேண்டும். எங்களுக்கு அது அமைதியாக இருந்தது. எப்போதும் அப்படி இருக்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன்.

சியாட்டிலின் பலம் செலவு. போக வர ஒரே விமான நிலையம், டிக்கெட் மலிவு. விட்டியரில் இறங்கினால் ஆங்கரேஜ் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ரயிலும் கார்களும் மாறி மாறிப் பயன்படுத்தும் 4 கிலோமீட்டர் ஒற்றைச் சுரங்கப்பாதை வழியாகத்தான் வெளியே வர முடியும். பிறகு ஆங்கரேஜிலிருந்து விமானம். நான்கு பேருக்குக் கூட்டிப் பார்த்தபோது கப்பல் கட்டணத்தில் மிச்சமானது விமானத்தில் போய்விட்டது. பயணத்தை அங்கிருந்து டெனாலி தேசியப் பூங்கா வரை நீட்டிக்கிறவர்களுக்கு மட்டும் இந்தச் செலவு வீணாகாது. நாங்கள் நீட்டிக்கவில்லை.

பனியாறும் வேண்டும், சியாட்டிலும் வேண்டும் என்றால் வழி இருக்கிறது: மேலே சொன்ன மூன்று நிறுவனங்களுமே சியாட்டிலிலிருந்து கிளேசியர் பே பயணம் வைத்திருக்கின்றன. நிறுவனத்தின் பெயரைப் பார்த்து விட்டுவிடாமல், அந்தக் குறிப்பிட்ட வாரத்தின் அட்டவணையில் கிளேசியர் பே என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே கப்பலே வாரத்துக்கு வாரம் பாதை மாற்றுவதுண்டு. செலவைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்கு, வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமிலிருந்து அலாஸ்கா அரசின் பயணிகள் படகும் போகிறது. தளத்தில் கூடாரம் போட்டுத் தூங்குகிறவர்கள்கூட அதில் உண்டு. பனியாற்றின் முகத்துக்கு அது போகாது.

மாதத்தைப் பற்றி ஒரு வரி: மே மாதத்தில் மழை குறைவு, பகல் நீளம், கட்டணமும் சற்று இறங்கியிருக்கும்; செப்டம்பரில் மழை அதிகம், வடதுருவ ஒளி கண்ணில் படும் வாய்ப்பும் உண்டு. கெட்சிகனில் எந்த மாதமும் குடை வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள், கனடா விசாவைத் தவிர்க்கலாம் என்று நினைத்துச் சியாட்டிலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணிகளைச் சுற்றிக் காட்டித் திரும்ப வேண்டுமானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்று 1886ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த விதி இருக்கிறது. அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் கடைசி மாலையில் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கின்றன. கரையில் இறங்காமல் அறையிலேயே இருந்தாலும் விசா கேட்பார்கள். அமெரிக்க விசாவும் பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்குக் கார்டும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் போதும். எங்கள் அம்மாவுக்குக் கனடா விசா வர வாரக்கணக்கில் ஆனது. கப்பலுக்கு முழுப் பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, அதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.