ஏ.பி.எஸ். விளக்கும் உப்புக்காற்றும்: இரண்டு ஆண்டு அனுபவம்

திருகோணமலை உப்புவெளியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், கூரையில்லாத முற்றத்தில் நிற்கும் எனது பழைய சிறிய காரில், பிறேக் பிடிக்கும்போது சில்லுகள் இறுகிவிடாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் எச்சரிக்கை விளக்கு முதன்முதலாக எரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஊரின் பெயரிலேயே உப்பு இருப்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

முதலில் சென்ற கராஜில் காரின் கணினியில் பதிவான பிழைக்குறியீட்டை அழித்து அனுப்பினார்கள். நிலாவெளிக்குப் போய்த் திரும்புவதற்குள் விளக்கு மீண்டும் எரிந்தது. அடுத்த இடத்தில் ஏ.பி.எஸ். தொகுதியையே மாற்றச் சொன்னார்கள். என்னிடமிருந்த மலிவான புளூடூத் ஸ்கானரோ இயந்திரக் குறியீடுகளை மட்டும் வாசிப்பது. அது பிழை எதுவும் இல்லை என்றே காட்டியது.

விளக்கு எப்போது எரிகிறது என்பதைக் குறித்துவைக்கத் தொடங்கிய பிறகே வழி தெரிந்தது. ஒவ்வொரு சில்லின் வேகத்தையும் ஏ.பி.எஸ்.ஸுக்குச் சொல்லும் சென்சரின் வயர் அறுந்திருந்தால், திறப்பைத் திருப்பியதும் கட்டுப்பாட்டுக் கருவி அதைக் கண்டுகொள்ளும், விளக்கு அணையாது. எனது காரில் அது ஒழுங்காக அணைந்தது. ஆனால் சந்தியில் வேகம் பத்துக் கிலோமீற்றருக்குக் குறையும்போது, காய்ந்த வீதியிலும் பிறேக் மிதி காலடியில் துடித்தது. சில நாட்களில் அதன் பின் விளக்கும் எரிந்தது.

இந்தப் பழைய வகைச் சென்சர் ஒரு காந்தமும் செப்புச் சுருளும்தான். சில்லுடன் சுழலும் பல்வளையம் அதன் முனையைக் கடக்கும்போது பிறக்கும் மின்னழுத்தம் வேகத்தோடு கூடும், இடைவெளி அகன்றால் குறையும். சென்சர் அமரும் இரும்பில் கறள் பொருக்குக் கட்டி அதை மேலே தூக்கிவிட்டால், மெதுவாக ஓடும்போது அந்தச் சில்லின் சமிக்ஞை மட்டும் முன்னதாகவே மறைந்துவிடும்; சில்லு இறுகிவிட்டதென்று கருதி ஏ.பி.எஸ். பிறேக்கைத் தளர்த்தும். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி ஒரு முழம் தள்ளிப் போவது இதனால்தான்.

மூன்றாவதாகப் பார்த்த மெக்கானிக்கின் ஸ்கானரில், மெல்ல உருட்டியபோது மூன்று சில்லுகள் வேகம் காட்ட, முன் இடது சில்லு பூச்சியத்தில் நின்றது. இரு முன் சென்சர்களின் மின்தடையும் ஏறத்தாழ 1,200 ஓம் இருந்ததால் சுருளில் குறையில்லை என்பது உறுதியானது. கறளில் இறுகிய சென்சரை இழுத்தால் பிளாஸ்டிக் உடல் முறியும் என்பதால், எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்து, இடமும் வலமுமாக மெல்லத் திருப்பி எடுத்தார். பொருக்கைச் சுரண்டி, காந்த முனையில் ஒட்டியிருந்த இரும்புத்தூளைத் துடைத்து, அமரும் இடத்தில் கிறீஸை மெல்லியதாகப் பூசி மாட்டியதும் துடிப்பு நின்றது.

மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிறேக் வேலை செய்யும். ஈர வீதியில் சில்லுகள் இறுகலாம் என்ற எச்சரிக்கையோடு ஓட்டலாம். சிவப்பு பிறேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டக்கூடாது.

அதன் பின் ஒரு முறை, மாரி முடிந்த தை மாதத்தில், அதே துடிப்பு திரும்பியது. இப்போது ஆண்டுதோறும் மாசியில் இரு முன் சென்சர்களையும் கழற்றித் துடைக்கிறேன். அரை நாள் வேலை. பதற்றத்தில் வாங்கிய புதிய சென்சர் இன்னும் பெட்டி பிரிக்கப்படாமல் அலுமாரியில் கிடக்கிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்.