மிதந்தா மட்டும் போதாது: ஒய்பிசிஓ டெமோ கிட், ரெண்டு மாச அனுபவம்

2023ல, சாதாரண ரூம் சூட்டுலயே வேலை செய்யுற சூப்பர் கண்டக்டர் (மின்தடையே இல்லாத பொருள்) கிடைச்சுடுச்சுன்னு எல்கே-99ங்கற பொருளோட வீடியோ வந்தப்போ, ஒரு ஓரம் காந்தத்துல ஒட்டிக்கிட்டு மறு ஓரம் தூக்கி நின்ன அந்தக் கருப்புத் துண்ட திரும்பத் திரும்பப் பாத்தேன், நிஜமாவே நம்புனேன். அப்புறம் அதுல கலந்திருந்த காப்பர் சல்ஃபைடு, கொஞ்சம் இரும்பு மாதிரியான காந்த குணம், இதுதான் காரணம்னு தெரிஞ்சுச்சு. சரி, நிஜ சூப்பர் கண்டக்டர் காந்தத்துகிட்ட எப்படித்தான் நடந்துக்கும்னு கையால பாத்துடுவோம்னு வாங்குனதுதான் இந்தக் கிட்.

உள்ள ஒரு ஒய்பிசிஓ (நல்லா குளிர வச்சா சூப்பர் கண்டக்டரா மாறுற பீங்கான் மாதிரிப் பொருள்) வட்டு, நியோடிமியம் காந்தங்கள், பிளாஸ்டிக் இடுக்கி, மெல்லிசா ஒரு பைரோலிடிக் கிராஃபைட் (ஒரு வகை கார்பன்) துண்டு. லிக்விட் நைட்ரஜன் நாமதான் ஏற்பாடு பண்ணிக்கணும், காத்தோட்டமான இடத்துல வச்சுத்தான் ஊத்தணும், மூடி போட்டு இறுக்கவே கூடாது.

இந்த கிராஃபைட்டுக்காகவே கிட்ட வாங்கலாம். நாலு காந்தத்த துருவம் மாத்தி மாத்தி அடுக்கி மேல வச்சா சாதாரண ரூம் சூட்டுலயே மிதக்குது, ஆனா அது வெறும் டயாமேக்னட் (காந்தத்த லேசா விலக்குற பொருள்), கவுத்துப் புடிச்சா கீழ விழுந்துடும்.

ஒய்பிசிஓ அப்படியில்ல. வட்டு மேல சின்னக் காந்தத்த வச்சு நைட்ரஜன் ஊத்துனேன், கொதிப்பு அடங்கி வட்டு 92 கெல்வினுக்கு (சுமார் மைனஸ் 181 டிகிரி செல்சியஸ்) கீழ எறங்குனதும் காந்தம் யாரும் தொடாம மெல்ல மேல எழும்புச்சு பாருங்க, உடம்பு சிலிர்த்துடுச்சு, வெறும் தடையில்லாத கம்பியா இருந்தா உள்ள இருந்த காந்தப்புலம் அப்படியே தங்கியிருக்கும், இது வெளிய தள்ளுது, 1933ல மெய்ஸ்னரும் ஓக்சென்ஃபெல்டும் பாத்தது இதத்தான், மெய்ஸ்னர் விளைவுன்னு சொல்வாங்க. அடுத்து பெரிய காந்தத்துக்கும் வட்டுக்கும் நடுவுல ஒரு அட்டைய வச்சு குளிர வச்சு அட்டைய உருவுனா அதே இடைவெளியில பூட்டிக்குது, காந்தத்தத் தூக்குனா வட்டும் கூடவே தொங்கிக்கிட்டு வருது. தள்ளுனா நகராது, ஆனா சுண்டி விட்டா சுத்துது.

குறை என்னன்னா, கையேட்டுல இந்தத் தொங்குறதையும் மெய்ஸ்னர் விளைவுன்னே போட்டிருக்காங்க, அது தப்பு. புலம் மெல்லிசான இழைகளா வட்டுக்குள்ள நுழைஞ்சு குறைபாடு இருக்குற இடத்துல மாட்டிக்குது, அதான் ஃபிளக்ஸ் பின்னிங். படிக்கிற பசங்க கைக்குப் போற பொருள்ல இப்படி எழுதலாமா? ஈரத்தப் பத்தியும் ஒரு வரி இல்ல, வெளிய எடுத்ததும் வட்டு மேல பனி படியும், தொடச்சு நல்லா காய வச்சு சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, இல்லன்னா ஒய்பிசிஓ தண்ணி பட்டுப் பட்டு கெட்டுப்போயிடும்.

அஞ்சுக்கு நாலு.