மூலிகைச் சக்கைத் தீவனம்: ஆறு வாரம் மாட்டுக்குப் போட்டுப் பார்த்ததில்

கஷாயம் வடித்த பிறகு மிஞ்சும் தண்ணீர்விட்டான் கிழங்குச் சக்கையைக் காயவைத்து மூட்டையாகத் தருகிறார்கள். இரண்டு கறவை மாடுகளுக்கு ஆறு வாரம் போட்டேன். வைக்கோலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அதற்குப் பதிலாகப் போடத் தாராளமாக வாங்கலாம், பால் கூடும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

பால் கூடும் என்றுதான் விற்றவர் சொன்னார். தண்ணீரில் கரையும் சத்தெல்லாம் கஷாயத்தோடு போன பிறகு சக்கையில் மிஞ்சுவது பெரும்பாலும் நார், அதை வைத்து எப்படிப் பால் கூடும்? என் மாடுகளுக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதல் மூன்று நாள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன, அப்புறம் தவிட்டோடு பிசறி ஒரு கை, இரண்டு கை என்று ஏற்றியதும் தொட்டியை நக்கிக் காலி செய்தன. அவசரப்படாதீர்கள், இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக இரண்டு வாரமாவது ஆகும், சட்டென்று மாற்றினால் கழிச்சல்தான். சினை மாட்டுக்கு நான் போடவே இல்லை.

இரண்டாவது முறை வந்த மூட்டைதான் கோபத்தைக் கிளப்பியது. சக்கையோடு ஏதோ இலைத்தூள் கலந்திருந்தது, என்னவென்று கேட்டால் "எல்லாம் மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்கிறார். ஏன் செய்யாது? நிலாவாரை இலை பேதியாவதற்குக் கொடுப்பது. செங்காந்தளில் கிழங்கு, விதை, தழை என்று செடி முழுக்க கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, மாட்டையே கொன்றுவிடும். நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின் எடுக்கிறார்கள், அந்தத் தழையையா தொட்டியில் கொட்டுவது? மூட்டையை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன்.

வாங்குவதாக இருந்தால் எந்தச் செடி, எந்தப் பாகம், தண்ணீரில் காய்ச்சியதா இல்லை ஹெக்சேன் மாதிரி கரைப்பானில் சாறு எடுத்ததா என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். கையை உள்ளே விட்டு அடிவரை பாருங்கள், ஈரமும் பூஞ்சணமும் இருந்தால் வேண்டவே வேண்டாம், பூஞ்சணத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு பாலில் இறங்கும், அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுப் பிள்ளைகளும்தான்.

இந்த வகையில் எனக்கு அதிகம் பிடித்தது இசப்கோல் உமி எடுத்த பிறகு மிஞ்சும் பருப்பு. அதில் புரதம் இருக்கிறது, கசப்பில்லை, மாடுகள் முதல் நாளே தின்றன. தண்ணீர்விட்டான் சக்கையும் மறுபடி வாங்குவேன், மூட்டையில் செடியின் பெயரை எழுதித் தரும் வேறு இடத்தில்.