ஓகேடி3யா, யுசிஹெச்டி1ஆ: காரைக்குடியில் எதை வாங்குவது?

மனித இரத்தத்தில் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களை அடையாளம் காண வேண்டுமென்றால் சிடி3ஐப் பிடிக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) வேண்டும். டி செல் ஏற்பியோடு ஒட்டியே இருக்கும் புரதத் தொகுதிதான் சிடி3. ஆண்டுக்கு ஒன்றிரண்டு குப்பிக்கு மேல் வாங்க வழியில்லாத எங்கள் காரைக்குடி ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு முறையும், ஓகேடி3, யுசிஹெச்டி1 என்ற இரண்டு சிடி3 ஆன்டிபாடிகளில் எதை வாங்குவது என்ற கேள்விதான் எழுகிறது.

ஓகேடி3க்குப் பெரும்புகழ் உண்டு. 1979இல் வெளிவந்த இந்தக் குளோன் (ஒரே செல்லின் வழிவந்த செல்கள் தரும் ஆன்டிபாடி), மியூரோமோனாப் என்ற பெயரில், மனிதருக்கு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஒற்றைக் குளோன் ஆன்டிபாடி ஆனது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைத் தடுக்கக் கொடுத்தார்கள். 2022இல் அனுமதி பெற்ற டெப்லிசுமாப் என்ற மருந்தும் இதன் வழிவந்ததே. ஆனால் மருந்தாகப் பெற்ற பெயரைப் பார்த்து, செல் எண்ணும் வேலைக்கும் இதையே வாங்குவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

காரணம் அதன் வால், அதாவது சிடி3ஐப் பிடிக்கும் முனைக்கு எதிர்ப்புற முனை. ஓகேடி3 எலியின் ஐஜிஜி ஆன்டிபாடிகளில் ஐஜிஜி2ஏ வகை. மோனோசைட்டு என்னும் வேறு வெள்ளணுக்களின் மேலிருக்கும் சிடி64 ஏற்பி அந்த வாலை இறுகப் பற்றிக்கொள்ளும். டி செல் அல்லாததும், செல்களை ஒளியால் எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் மங்கலாக ஒளிரும். மனித ஐஜிஜியை முன்கூட்டியே சேர்த்து இதைக் குறைக்கலாம். யுசிஹெச்டி1 ஐஜிஜி1 வகை என்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. செல்லைத் துளையிட்டு உள்ளே இருக்கும் சிடி3ஐப் பார்க்கவும் யுசிஹெச்டி1 உதவும். டி செல் இரத்தப் புற்றை அறிவதில் இது பெரிய பயன். மெழுகில் பதித்த திசுவுக்கு இரண்டையும் நாட வேண்டாம், முயலின் எஸ்பி7 குளோனை வாங்குங்கள்.

செல்களைத் தூண்டுவதென்றால் நான் ஓகேடி3 பக்கம். அந்த வாலே அங்கே பலம்: மோனோசைட்டு அதைப் பிடித்துக்கொள்வதால் டி செல் ஏற்பிகள் ஒன்றுகூடிச் செல் விழித்தெழுகிறது. யுசிஹெச்டி1ஐக் கரைசலில் சேர்த்தால் சிலருடைய செல்கள் பெருகும், சிலருடையவை அசையாது. ஐஜிஜி1ஐப் பற்றும் ஏற்பி ஆளுக்கு ஆள் வேறுபடுவதே காரணம்.

இங்கேதான் நாங்கள் ஒரு முறை மோசம் போனோம். ஓகேடி3 கொண்டு மூன்று நாள் தூண்டிய செல்களுக்கு யுசிஹெச்டி1 நிறமேற்றினோம். திரையில் டி செல்லே இல்லை! செல்கள் செத்துவிட்டன என்று பரிதவித்தோம். அவை நன்றாகவே இருந்தன. இரண்டும் சிடி3இன் எப்சிலான் சங்கிலியில் ஏறக்குறைய ஒரே இடத்தில் ஒட்டுபவை. செட்டிநாட்டு வீட்டுப் பெட்டகத்தின் பூட்டில் ஒரு சாவி நிற்கும்போது மற்றொன்று நுழையுமா? போதாக்குறைக்கு, தூண்டப்பட்ட செல் தன் மேற்பரப்புச் சிடி3ஐ உள்ளிழுத்துக்கொள்ளும். அதன்பின் சிடி5, சிடி4, சிடி8 ஆகிய மற்ற மேற்பரப்புப் புரதங்களைக் கொண்டே டி செல்களைத் தேடுகிறோம்.

சித்திரை வெயிலில் சென்னையிலிருந்து வரும் பெட்டியை இரண்டுக்குமே உடனே பிரித்து 2 முதல் 8 டிகிரியில், இருட்டில் வைக்க வேண்டும். நிறமேற்றிய ஆன்டிபாடியை உறைய வைக்கவே கூடாது.

இந்த ஆண்டு நிறமேற்றிய யுசிஹெச்டி1 ஒன்று, நிறமில்லாத ஓகேடி3 ஒன்று கேட்டிருக்கிறோம். பின்னதில் கெடாமல் காக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு இருக்கக் கூடாது என்று விண்ணப்பத்திலேயே எழுதினோம். எண்ணும் வேலைக்கு அது தீங்கில்லை, வளர்க்கும் செல்களுக்கு நஞ்சு.